பதினாறு ஆடுகளுடன் நாற்பது நிமிடம்

நான் சபையின் பாஸ்டர். ஆராதனை முடிவில், "கிருபை உங்களோடிருக்கட்டும்" என்று கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். "கிருமி உங்களோடிருக்கட்டும்" என்றேன். முன்வரிசையில் இரண்டு பேர் ஆமென் சொன்னார்கள். திருத்தப் பார்த்தேன், மறுபடியும் கிருமிதான் வந்தது. உயர்த்திய வலது கை தானாக இறங்கியது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது) என்றார் டாக்டர். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. கையும் காலும் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. அதற்குப் பெயர் அஃபேசியா (சொல் மனதில் இருக்கும், வாய்க்கு வராது).

"தினமும் யார்கூடயாவது பேசுங்க ஐயா, வந்துடும்" என்றார் டாக்டர்.

யாரோடு? மனைவி இறந்து ஆறு வருடம். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாரம் ஒரு முறை வீடியோவில் வருவான். நான் திணறினால், "பரவால்லப்பா, ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிடுவான். வேங்கிக்காலில் எங்கள் தெரு புதிது. பன்னிரண்டு வாசல், பன்னிரண்டும் சாத்தியே இருக்கும்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஐந்தாம் மாதம் சபையார் வந்து, எட்டு நிமிடம் பேசினால் போதும் என்றார்கள். எனக்கு ஆசையே இல்லை. நோய் அதைப் பறிக்கவில்லை. அதற்கு முன்பே போயிருந்தது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடி மேய்ப்பன் மலையேறும் பைபிள் கதையை இருபத்திரண்டு முறை பிரசங்கித்திருக்கிறேன். கடைசிப் பதினான்கும் ஒரே நோட்டிலிருந்து. இந்த முறையும் அதையே எடுத்தேன். நான்காம் பக்கத்தில் கொட்டாவி வந்தது.

மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். பக்கத்துக் காலி மனையில் மங்கம்மா ஆடு மேய்ப்பாள். மாலையில் அவள் ஓட்டிப் போகும்போது எண்ணுவது என் வழக்கம். பதினேழு. அன்று பதினாறு.

"ஒண்ணு கம்மி" என்றேன். தடங்கலின்றி வந்தது.

"சாமியாருங்க நெறஞ்ச இந்த ஊர்ல நீங்களும் ஒரு மௌனசாமின்னு இல்ல நெனச்சேன், பேசறீங்களே!" என்று சிரித்தவள், எண்ணிப் பார்த்ததும் முகம் மாறினாள். "ஐயோ, அந்த வெள்ள மூக்கு சனியன்! பாஸ்டரய்யா, இதுங்கள கொஞ்சம் பாத்துக்கோங்க." கோலை என் இடது கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

நாற்பது நிமிடம் நின்றேன். ஆடுகள் அவள் போன திக்கைப் பார்த்துக் கத்தின. ஒன்று என் வேட்டியை மென்றது. இருபத்திரண்டு முறையும் நான் மேய்ப்பனோடுதான் மலையேறியிருக்கிறேன். அவன் விட்டுப்போன தொண்ணூற்றொன்பதோடு ஒரு முறையும் நின்றதில்லை. அவன் தேடுவது அவற்றுக்குத் தெரியாது. போய்விட்டான் என்பது மட்டும் தெரியும். கடவுள் என்னை விட்டுப் போய்விட்டார் என்றே நானும் நினைத்திருந்தேன்; ஐந்து மாதமாக ஜெபிக்க உட்கார்ந்தால் வாய்க்கு முன்பே மனம் மறுத்தது ஏன் என்று அப்போது புரிந்தது.

மங்கம்மா ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டுகிற வீட்டின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து கிடந்ததாம்.

"எங்க... போயிட்டே?" என்றேன். கோலை நீட்டினேன்.

"எங்க போறது, இதத் தேடத்தான். உங்கள விட்டுட்டு ஓடிட்டேன்னு நெனச்சீங்களா?"

அன்றிரவே புதுத்தாளில் இடது கையால் எழுதத் தொடங்கினேன். ஒரு வரிக்குப் பதினொரு நிமிடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள், விடியுமுன்பே எழுந்துவிடுகிறேன். எட்டு நிமிடத்தில் எத்தனை சொல் வரும் என்று தெரியாது. சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாக்கு நின்றுவிட்டால், தேடப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.