கதீஜா ராத்தா அளந்த தண்ணீர்

என் அக்கா கதீஜா, எங்கள் வழக்கில் ராத்தா, சிங்கப்பூர் ஜாலான் புசாரில் குழாயும் கழிப்பறைச் சாமானும் விற்கும் கடையில் இருபத்தேழு வருஷமாக வேலை பார்க்கிறாள். கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "சேல்ஸ்" என்று நான் முந்திக்கொள்வேன். அவளோ பிரியாணித் தட்டும் கையுமாக, "டாய்லெட் விக்கிறேன்" என்பாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாது. அதெல்லாம் போன வருஷம் வரைக்கும்தான்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்தெருவில் எங்கள் ஜமாஅத்துக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. ஆண்கள் மேலே தொழுவார்கள். பெண்களுக்கு நிலத்தடி ஹால். அங்கே ஏர்கான் உண்டு, நல்ல கம்பளம் உண்டு, கழிப்பறை மட்டும் கிடையாது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யக் குழாயும் கிடையாது. நோன்பு மாதத்தில் ஆபீஸ் முடிந்து வரும் நாங்கள், பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி தேக்கா மார்க்கெட் கழிப்பறைக்கு ஓடுவோம். வரிசையில் நின்று ஒளு செய்து திரும்புவதற்குள் மஃரிபு என்கிற அந்தித் தொழுகையில் முதல் ரக்அத், அதாவது முதல் சுற்று, போய்விடும். வருஷா வருஷம் இதே கூத்து.

ஒருவழியாகக் கீழேயே குளியலறை கட்ட முடிவானது. சிக்கல் என்னவென்றால், தெருவில் போகும் கழிவுக்குழாய் எங்கள் ஹாலின் தரையைவிட உயரத்தில் இருக்கிறது. கழிவைப் பம்ப் வைத்துத்தான் மேலே தள்ள வேண்டும். செயலாளர் நூருல் அமீன், காண்ட்ராக்டர் கொடுத்த படத்தோடு கூட்டத்துக்கு வந்தார். டாய்லெட்டுக்குப் பின்னால் பொருத்தும் சின்னப் பெட்டி. உள்ளே கத்தி சுற்றி எல்லாவற்றையும் அரைத்து, மெல்லிய குழாய் வழியாக மேலே அனுப்பிவிடுமாம். இடத்தையும் அடைக்காது.

"ரெண்டு டாய்லெட், ஒரு நாளைக்கு மிஞ்சிப் போனா நாப்பது பிளஷ். இது போதும் லா," என்றார்.

"நானா, ஒளுத் தண்ணி எங்க போகும்?" என்று ராத்தா அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

ஐந்து வேளையும் ஒளு செய்கிற பெரிய மனிதர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து போட்ட திட்டத்தில், அந்தத் தண்ணீரை மட்டும் விட்டிருந்தார்கள்! மேலே அது தானாக வடிந்துவிடுகிறது, அதனால் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கீழே என்றால் ஒவ்வொரு சொட்டையும் பம்ப்தான் ஏற்றியாக வேண்டும்.

"அதுவும் அதே பெட்டிக்குள்ள போயிடும் தங்கச்சி," என்று சமாளித்தார் அமீன்.

"அது வீட்டுக்குச் செஞ்ச பெட்டி நானா. ஒரு பிளஷ் போச்சுன்னா கொஞ்சம் ஓய்வு வேணும் அதுக்கு. கத்தி இருக்கிறது பேப்பரை அரைக்க. நம்ம லேடீஸுக்குப் பேப்பரா முக்கியம், தண்ணிதானே? பெரிய தொட்டி வேணும், ரெண்டு பம்ப் வேணும். படிக்கு அடியில நாற்காலி வைக்கிற ரூமைக் குடுங்க."

நாற்காலி ரூம் என்றதும் அமீனுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "ஒண்ணு சொல்லிடுறேன். எதை வச்சாலும் சரி, தொழுற இடத்துல ஒரு தடவை அசுத்தத் தண்ணி பொங்கிச்சுன்னா கீழ் ஹாலை மூடிடுவேன். லேடீஸ் வீட்டுலேயே தொழுதுக்கட்டும்."

ராத்தா சிரித்தாள். "சனிக்கிழமை கடைக்கு வாங்க நானா."

வந்தார். கடையின் பின்சந்தில், முதலாளியிடம் கேட்டு, பார்வைக்கு வைத்திருந்த அதே ரகப் பெட்டியை இறக்கி வைத்திருந்தாள். முதலில் ஒரு பேசினை நீட்டி, "எப்பவும் போல ஒளு செய்ங்க" என்றாள். மனிதர் மும்மூன்று தடவை, தாடியைக் கோதி, முழங்கை வரை, கணுக்கால் வரை அழகாகக் கழுவினார். தண்ணீரை அளவு வாளியில் ஊற்றிப் பார்த்தாள். ஏழு லிட்டர்.

"பதினஞ்சு லேடீஸை அளந்துட்டேன். அவங்க ஆளுக்கு நாலரைதான் நானா," என்றாள். அமீன் தாடியைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நோன்பு திறக்கிற நேரத்துக் கூட்டம் போல, சந்தில் இருந்த நான்கு குழாயையும் திறந்து பெட்டிக்குள் விட்டாள். மோட்டார் நிற்காமல் உறுமியது. பதினோராவது நிமிஷம் சூடேறி நின்றுவிட்டது. தண்ணீர் ததும்பி அமீனின் புதுச் செருப்பை நனைத்தது. அவர் கைலியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்று, பெட்டியையே பார்த்தார்.

"சரி, நாற்காலியை எங்க வைக்கிறது?" என்றார்.

படிக்கு அடியில் பெரிய தொட்டியும் இரண்டு பம்பும் வைத்து, குளியலறை கட்டி முடிந்தது. முதல் நோன்பன்று ஐம்பத்திரண்டு பெண்கள் வந்தோம். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், உடனே குழாய்களுக்கு முன்னால் வரிசை. ராத்தா படிக்கு அடியில், அந்த ரூம் கதவில் காதை வைத்து நின்றாள். ஒரு பம்ப் ஓடியது. சற்று நேரத்தில் உள்ளே இன்னொரு சத்தம் கேட்டதும் அவளிடம் ஓடினேன்.

"போச்சா ராத்தா?"

"ரெண்டாவதும் கூடச் சேர்ந்துருக்கு. அதுக்குத்தானே வச்சது."

தரை காய்ந்துதான் இருந்தது. கடைசி ஆளாக அவள் ஒளு செய்து வர, பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தேன். ஒலிபெருக்கியில், தொழுகை தொடங்கப்போவதைச் சொல்லும் இகாமத் கேட்டபோது கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஓடி வர ஒருத்தியும் பாக்கி இல்லை. ஐம்பத்திரண்டு பேரும் முதல் ரக்அத்தில் நின்றோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

தொழுகை முடிந்து கஞ்சி குடிக்கும்போது, புதிதாக வந்திருந்த யும்னா என்ற பெண் என்னிடம் கேட்டாள். "அந்தக் கதவுகிட்ட நின்னாங்களே, அவங்க என்ஜினியரா?"

கஞ்சிக் கோப்பையும் கையுமாக, பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"டாய்லெட் விக்கிறாங்க. எங்க ராத்தா."