மயிலாத்தாள் வைத்த முதல் பானை

பெரியநாயக்கன்பாளையத்தில் மெஷின் செய்யும் கம்பெனி ஒன்றின் விருந்தினர் விடுதியில் மயிலாத்தாள் சமையல்காரி. அவள் ரசம் கொதிக்கும் வாசத்துக்கே மேனேஜர்கள் மீட்டிங்கைச் சீக்கிரம் முடித்துக்கொள்வார்கள். ஊரே மெச்சிய கை, சொந்தபந்தத்துக்கு மட்டும் இளக்காரம். குலதெய்வக் கோயில் பொங்கலில் முதல் பானை வைப்பது மூத்த மருமகளின் உரிமை. மூத்த மருமகள் அவள்தான். ஆனால் அவள் வேலைக்குப் போன வருஷமே கொழுந்தன் லட்சுமணசாமி, "கூலிக்குச் சோறாக்கற கை ஆத்தாளுக்கு ஆகாதுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டான். ஏழு வருஷமாகக் கடைசி அடுப்பில் நின்றாள். அந்த அவமானம் அவளைத் தின்றது.

1993 அக்டோபரில் மொரிடா என்ற ஜப்பான் இன்ஜினியர் வந்து தங்கினார். புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் குலதெய்வத்தை விசாரிக்காமல் கொங்கு நாட்டில் விடமாட்டார்கள். ஜப்பான்காரர் மட்டும் தப்ப முடியுமா? இட்லியை வைத்துக்கொண்டே, "ஏனுங்க, உங்களுக்குக் கொலசாமி எதுங்க?" என்று கேட்டேவிட்டாள். உடன் இருந்த கம்பெனிப் பையன் மோகன்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னான்.

மொரிடா சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். அவர் ஊர் இசே. அங்கே சூரிய தேவி அமதெராசுவுக்குக் கோயில். இருபது வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி அம்மனைக் குடிவைப்பார்களாம். இந்த மாதம்தான் அது நடந்ததாம். முன்னொரு காலத்தில் அந்தத் தேவி ராஜாவின் கனவில் வந்து, "தனியாக இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தொயோஉகேயை அழைத்து வா" என்றாளாம். சோறு தரும் தெய்வமான தொயோஉகேவுக்கும் தனிக்கோயில் உண்டு. சூரிய தேவிக்குத் தினம் இரண்டு வேளைப் படையலும் அங்கேதான். வருகிறவர்கள் முதலில் அவளைக் கும்பிட்ட பிறகே சூரிய தேவியிடம் போவார்களாம்.

"முதல் கும்பிடு சோறு போடறவளுக்கா? நல்லாக் கேட்டுச் சொல்லு கண்ணு."

"ரெண்டு தடவை கேட்டுட்டேனுங்கக்கா."

தை மாதம் கோயிலில் மயிலாத்தாள் நேராகப் போய் முதல் அடுப்பில் பானையை ஏற்றினாள். லட்சுமணசாமி தடுக்க ஓடி வந்தான். அவள் பானையை விடாமல் கேட்டாள்:

"ஜப்பான்ல சூரியனா இருக்கற ஆத்தாளே, எனக்குச் சோறு போட ஒருத்தி வேணும்னு கேட்டு வாங்கியிருக்காளுங்க. நம்ம ஆத்தா வேண்டாம்னு உங்ககிட்டச் சொன்னாளுங்களா?"

அவன் கூட்டத்தைப் பார்த்தான். பெண்கள் யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை, அவரவர் அடுப்பை மூட்டினார்கள். பொங்கல் பொங்கியது. படைத்து முடித்ததும் மயிலாத்தாள் முதல் இலையை லட்சுமணசாமிக்கே போட்டாள்.

"சாப்புடுங்க கொழுந்தனாரே," என்றாள். "இது கூலிக்கு ஆக்குனது இல்லீங்க."