ஒற்றை ஆட்டு விருந்து

ஓங்கர்பாய்க்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மகள் கல்யாணத்தில் ஊரே மெச்ச வேண்டும் என்று டிராக்டரை விற்று, விருந்துக்குக் குதிரை வாங்கி அறுத்தவன். அதன் பிறகு வைக்கோல் ஏற்ற ஊராரிடம்தான் வண்டி இரவல் கேட்டான்.

ஏப்ரலில் பனி உருகி எம்பா ஆறு கரை மீறியது. அவனுடைய நாற்பத்திரண்டு செம்மறிகளில் நாற்பத்தொன்று பட்டியிலேயே மூழ்கிச் செத்தன. ஒரு நொண்டி ஆடு மிஞ்சியது. செத்த ஆட்டுக்குப் பதில் ஆடு அரசாங்கம் தரும், அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று சேதி வந்தது. செத்தவற்றின் காதில் இருந்த, எண் போட்ட மஞ்சள் வில்லைகளைச் சாட்சிக்காகக் கம்பியில் கோத்து வாசலில் மாட்டினான்.

"வர்றவங்க முன்னாடி கொஞ்சம் பாவமா உக்காருங்க. ஜம்பம் அடிக்காதீங்க," என்றாள் மனைவி ராய்ஹான்.

"நான் என்னைக்குடி ஜம்பம் அடிச்சேன்?" என்றவன், பக்கத்து வீட்டுக் கம்பளத்தைத்தான் அப்போது விரித்துக்கொண்டிருந்தான்.

அதிகாரிகளாகப் பெரியவர் செய்த்கலியும், கைக்கணினியோடு ஒரு பெண்ணும் வந்தார்கள். "டீ மட்டும் போதும்," என்றார் செய்த்கலி.

டீ மட்டுமா! இவன் வாசலில் இருந்து விருந்தாளி டீயோடு போவதா? நொண்டி ஆட்டை வாசலுக்கு இழுத்துவந்து, "ஐயா, ஆசி சொல்லுங்க, அறுத்துடறேன்," என்றான்.

ராய்ஹான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அது ஒண்ணுதாங்க இருக்கு!"

"சும்மா இரு. நாப்பத்தொண்ணு வரப்போவுதுல்ல?"

விடியலில் கிளம்பிய செய்த்கலிக்கும் பசி. அறுக்கும் முன் விருந்தாளி சொல்ல வேண்டிய ஆசியை உள்ளங்கை விரித்து மனதாரச் சொன்னார்.

விருந்து அமர்க்களம். ஆட்டுத்தலை வழக்கப்படி பெரியவர் முன்னால் வந்தது. எல்லாரும் கை துடைத்த பிறகுதான் காகிதங்கள் வெளியே வந்தன. செய்த்கலி வில்லைகளைப் பதிவேட்டோடு சரிபார்த்தார்.

"நாப்பத்தொண்ணு சரி. உயிரோட இருக்கிற ஒண்ணைக் காட்டுங்க."

ஓங்கர்பாய் தட்டைப் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஈரம் காயாத ஒரு வில்லையை எடுத்து வைத்தான்.

"ஐயையோ! நானே கை விரிச்சு ஆசி சொன்னேனேய்யா!" என்று செய்த்கலி தலையில் கை வைத்தார்.

"நிக்கிற ஆட்டைப் படம் எடுத்து இந்தக் கணினியில ஏத்தணும்," என்றாள் அந்தப் பெண், தயங்கித் தயங்கி. "ஒரு ஆடாவது இருந்தாத்தான் பண்ணைன்னு கணக்கு. இல்லாட்டி ஆடு தர விதி இல்லீங்க."

பண்ணையைத்தான் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மிச்சக் கறியை விருந்தாளி கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். ராய்ஹான் கட்டிக் கொடுத்தாள். செய்த்கலி தலையைத் தூக்காமல் வாங்கிக்கொண்டார்.

இப்போது ஓங்கர்பாய் பக்கத்து வீட்டுக்காரனின் நிவாரண ஆடுகளைக் கூலிக்கு மேய்க்கிறான். யாராவது கேலி பேசுவதற்குள் தானே ஆரம்பித்துவிடுவான்: "வெள்ளத்துல அரசாங்கத்துக்கே நிவாரணம் குடுத்த ஒரே ஆளு நான்தான்யா!" எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அவனுக்குச் சிரிப்பு வராது.

ஒருநாள் ராய்ஹான் கேட்டாள்: "மறுபடி அவங்க வந்தா அறுப்பீங்களா?"

அவன் மேய்ப்புக் கோலைச் சுவரில் சாய்த்தான்.

"அறுக்க ஒரு ஆடு வேணுமேடி," என்றான்.