அம்புறோஸ் தடி பிடித்த கை

அம்புறோஸுக்கு ஐம்பத்தாறு வயது வரை 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதனால் நான் அடைந்த இலாபங்கள் அநேகம். அவருடைய குடையை மழைக்காலத்தில் இரண்டு முறை வாங்கிப் போய் ஒரு முறைதான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

கண்டி பஸ் நிலையத்தில் மடுல்கெல்லப் பக்கம் போகும் தனியார் பஸ்களுக்கு அவர்தான் டைம் கீப்பர். கழுத்தில் விசில், கையில் ஒரு கொப்பி. பஸ் வந்த நேரம், போகும் நேரம் இரண்டையும் எழுதுவார். நேரமானதும் பஸ்ஸின் விலாவில் ஓங்கித் தட்டி அனுப்புவார். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இருபது வயதில் பஸ் கழுவ வந்து, கண்டக்டராகி, பிறகு இந்த விசிலைப் பெற்றவர். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கும் நான் தினமும் அவர் தட்டி அனுப்பும் பஸ்ஸில்தான் போகிறேன்.

யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். இரண்டு சாரதிகள் ஒரே நேரத்துக்காகச் சண்டை பிடித்தால் இருவருக்கும் "சரிங்க". இருவரும் ஒன்றாகப் புறப்பட்டு வாசலில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். பதினொரு பிள்ளைகளுக்கு அவர் ஞானத்தகப்பன். சுவாமியார் கேட்டுவிட்டார் என்பதற்காகக் மாதா கோயில் பாடகர் குழுவிலும் நின்றார். அவர் குரலைக் கேட்ட பிறகு, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சுவாமியாரே சொன்னார். அதற்கும் "சரிங்க"தான்.

பல்லேகலையில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி நடந்த வருஷம், கூட்டத்துக்காக விட்ட மேலதிக பஸ்களின் பின்னால் ஓடி ஓடி அவருடைய வலது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. தேய்மானம் என்றார் டாக்டர். பஸ் உரிமையாளர் சங்கம் ஆறு வாரத்துக்கு அரைநாள் வேலை கொடுத்தது. ஆறாவது வாரம் தலைவர் மஹ்மூத் ஹாஜியார் நேரில் வந்து பார்ப்பார். நிலையத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பஸ்ஸில் ஏறி இறங்க முடியாவிட்டால் விசில் வேறொருவருக்குப் போகும். அந்த வயதில் விசிலை விட்டால் அம்புறோஸுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த இராஜேஸ்வரிக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் பேச்சில் பெரிய தோட்டத்துக் கங்காணி தோற்றுப்போவான். கதிரையில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்க வேண்டும். ஒரு நேரத்துக்கு இருபது தடவை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தடி இடது கையில்.

"வலி வலது காலுலதானுங்களே மிஸ்?"

"அதனாலதான் இடது கை. நடக்குறப்ப வலது காலோட எந்தக் கை முன்னால போகுது? இடது கைதானே? தடியும் அந்தக் கையில இருந்தா, வலிக்கிற கால்ல விழுற பாரத்த அது வாங்கிக்கும். வலிக்கிற பக்கமே தடியப் பிடிச்சா நீங்க அந்தப் பக்கமே சாய்வீங்க."

"சரிங்க மிஸ்."

மறுநாள் காலையிலிருந்து பஸ் நிலையம் முழுக்க வைத்தியர்கள். "நோகுறது அந்தப் பக்கம், தடி இந்தப் பக்கமா?" என்று கண்டக்டர் பாயிஸ் தடியை வலது கைக்கு மாற்றிவிட்டான். கச்சான் கடலை விற்கும் பாப்பம்மா எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். ஒரு சிங்களச் சாரதி பற்றுப் போடச் சொல்லிவிட்டு, தடியையும் வலது கைக்கு மாற்றிவிட்டுப் போனார். நானும் சும்மா இருக்கவில்லை. படித்தவன் என்ற உரிமையில், "அம்புறோஸ், கை மாறிப் பிடிச்சிருக்கீங்களே" என்றேன். "சரிங்க சார்" என்று உடனே வலது கைக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

ஆக, ஆஸ்பத்திரி வாசலில் இடது கை, பஸ் நிலையத்தில் வலது கை. நான்கு வாரம் போயும் கால் வீக்கம் இறங்கவில்லை. போதாததற்கு இடுப்பும் பிடித்துக்கொண்டது. பயிற்சி எல்லாம் ஒழுங்காகச் செய்கிறார், பிறகு ஏன் என்று இராஜேஸ்வரிக்கு விளங்கவில்லை. அன்று பயிற்சி முடிந்து அம்புறோஸ் அறையை விட்டு வெளியே போனார். வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "ஐயா, அந்தக் கையில்ல, இந்தக் கை" என்றாள்.

"சரிங்க" என்று தடியை மாற்றினார் அம்புறோஸ். கதவருகே நின்ற இராஜேஸ்வரி அதைப் பார்த்துவிட்டார்.

"உள்ள வாங்க" என்றார். "நீங்க காலுக்கு வைத்தியம் பாக்க வரல. ஊர்ல நல்ல பேர் வாங்க வந்திருக்கீங்க. இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு, தெரியுமா?"

அம்புறோஸ் தலையைக் குனிந்துகொண்டு, "மனசு நோகக் கூடாதுன்னுதாங்க மிஸ்" என்றார்.

"யாரு மனசும் நோகல. ஒங்க முழங்கால்தான் நோகுது. இனிமே கால நீட்டுறப்ப ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண வேணாம். இல்லீங்க, இல்லீங்கன்னு எண்ணுங்க. பத்துத் தரம் சொல்லிட்டு இறக்குங்க."

அதற்கும் அவர் "சரிங்க" என்றுதான் சொன்னார். வீட்டில் கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டி "இல்லீங்க, இல்லீங்க" என்று தொடங்கியதும், குசினியிலிருந்து அவர் மனைவி டொரதி, "என்னங்க இல்ல? அரிசியா?" என்று ஓடிவந்தாராம்.

பயிற்சி வாய்க்கும் பழகிவிட்டது. நான்காம் நாள் நான் மறுபடி தடியைப் பற்றி ஆரம்பித்தேன். "இல்லீங்க சார்" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஏறி மடுல்கெல்ல போய்ச் சேரும் வரை கோபம் தீரவில்லை. என் பேச்சைத் தட்டிவிட்டார் என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

ஆனால் ஹாஜியார் வந்த நாளில் நானும் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். அம்புறோஸ் இடது கையில் தடியோடு புறப்பட்டார். பத்தடி போயிருக்க மாட்டார்.

"நில்லுங்க" என்றார் ஹாஜியார். "நோவுற காலுக்கு நேராப் பொல்லப் பிடிங்க. எங்கட வாப்பா பத்து வருஷம் அப்பிடித்தான் நடந்தவரு."

விசிலைக் கொடுப்பதும் எடுப்பதும் அந்த மனிதர் கையில். பாயிஸ் என்னைப் பார்த்தான். அம்புறோஸின் வலது கை தடியை நோக்கி வந்தது, தடியைத் தொட்டது, அப்படியே நின்றது.

"இல்லீங்க ஹாஜியார்" என்றார். "வலிக்கிறது வலது கால். தடி இடது கையிலதான்."

நடந்தார். மறுமுனை வரை போனார். நல்ல காலை முதலில் வைத்துப் பஸ்ஸில் ஏறினார். வலிக்கிற காலை முதலில் வைத்து இறங்கினார். கொஞ்சம் நொண்டினார்தான், ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. பாப்பம்மா கச்சான் சுருளை வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

"அப்ப எங்கட வாப்பா பத்து வருஷம் பிழையான கையிலயா பிடிச்சாரு?" என்று ஹாஜியார் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு காரில் ஏறினார். விசில் அம்புறோஸின் கழுத்திலேயே இருந்தது.

அன்று பின்னேரம் வீட்டில் நடந்ததை அம்புறோஸ் எனக்கு வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொன்னார். கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டியிருக்கிறார். டொரதி பக்கத்தில் வந்து நின்றாராம்.

"ஹாஜியாருகிட்டயே இல்லன்னு சொன்னீங்களாமே."

"ஆமா."

"எங்க அப்பா ஒங்களக் கூப்பிட்டு, நம்ம டொரதியக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு. நீங்க சரிங்கன்னீங்க. இருபத்தெட்டு வருஷமா எனக்கு ஒரு சந்தேகம். அன்னைக்கு இல்லன்னு சொல்லத் தெரிஞ்சிருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

அம்புறோஸ் எண்ணுவதை நிறுத்திவிட்டார். நீட்டிய கால் நீட்டியபடி இருந்தது.

"சொல்லியிருக்க மாட்டேன் டொரதி" என்றார். "அதுக்கு மூணு மாசத்துக்கு முந்தியே ஒன்னய பஸ்ஸுல பாத்துட்டேன். ரெண்டு தரம் காசு வாங்கல, ஒனக்கு டிக்கட் கிழிக்கல. ஏன்னு ஒனக்குத் தெரியாது."

டொரதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "காலை இறக்குங்க, பத்துக்கு மேல ஆயிருச்சு" என்றார்.