கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு டயல்

செய்தி வந்தபோது பகல் பதினொரு மணி. சீமோன் ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றான். போன் உனக்குத்தான் என்று யாரோ கூப்பிட்டார்கள். மறுமுனையில் தவமணி. அவன் மனைவி கிளடிஸோடு ஒரே தொழிற்சாலையில், பக்கத்து இருக்கையில் வேலை செய்கிறவள்.

"சீமோன் அண்ணை, நான் ஆஸ்பத்திரியில இருந்து கதைக்கிறன். கிளடிஸ் அக்கா வேலையில சரிஞ்சு விழுந்திட்டா. அம்புலன்ஸில கொண்டந்தவை."

"இப்ப எப்பிடி இருக்கிறா?"

"நீங்கள் தனிய வராதேங்கோ அண்ணை. ஆரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ. கார் ஓடாதேங்கோ."

தனியே வராதே என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது தமிழ்ச் சனத்துக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சீமோன் போனை வைத்துவிட்டு, கூட வேலை செய்கிற ஒருவனைக் கார் எடுக்கச் சொன்னான். கிளடிஸுக்கு நாற்பத்து மூன்று வயது. தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்திருந்தது. 1995ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதம்.

மன்னாரில் பிறந்த கிளடிஸ், ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து சென் ஜேம்ஸ் ரவுண் என்ற பகுதியில்தான் இருந்தாள். உயர்ந்த கட்டடம் ஒன்றின் பதினான்காம் மாடியில் அவளும் சீமோனும் மட்டும். பகலில் அவளுக்கு மின்னணுப் பலகைகளில் ஈயம் ஒட்டுகிற வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே, அரிசியின் கால்வாசிகூட இல்லாத துண்டுகளைப் பிடித்து வைக்க வேண்டும். அந்த வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, கோப்பை கழுவி வைத்துவிட்டு, அவள் திரும்பவும் ஒரு பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிவாள். அது கைமணிக்கூடுகளுக்கு டயல் செய்கிற வேலை. கண்ணாடிக்குள்ளே, முட்களுக்குப் பின்னால், எண்கள் எழுதிய தகடு இருக்கிறதே, அதுதான் டயல்.

"நாள் முழுக்க கண்ணைச் சுருக்கிப்போட்டு வந்து, இஞ்சயும் உதையோ?" என்று சீமோன் தொடக்கத்தில் நக்கலடிப்பான்.

"அங்க செய்யிறது ஆற்றையோ பலகை. இது என்ரை."

ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் அவள் சீமோனுக்கு வாங்கிக் கொடுத்த ஒரு மணிக்கூட்டிலிருந்துதான் இது தொடங்கியது. இயந்திரம் நன்றாக ஓடியது. டயல்தான் தண்ணீர் பட்டுச் செத்துப்போயிருந்தது. அவள் அதைக் கழற்றிப் பார்த்தாள். வெறும் பித்தளை வட்டம். பின்புறத்தில் இயந்திரத்தில் செருகுவதற்கு இரண்டு சின்னக் கால்கள். "உதிலை என்ன இருக்கு? தட்டும் ரெண்டு காலும்," என்றாள். அடுத்த மாதம் அந்த மணிக்கூட்டில் பழைய காலத்துப் பாணியில், பாலில் தேயிலை கலந்த நிறத்தில், மெல்லிய எண்களோடு ஒரு புது டயல் இருந்தது. ஐம்பது வருடம் மேசைக்குள் கிடந்து பழுத்தது போலவே இருந்தது. சீமோன் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் நக்கலடித்தது குறைவு.

எண்களைப் பதிப்பதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். எண்களைச் செப்புத் தகட்டில் அமிலத்தால் குழியாக அரிக்கவிட்டு, குழிக்குள் மை நிரப்பி, ஜெலற்றினும் கிளிசரினும் காய்ச்சிக் கிண்ணத்தில் உறையவைத்த ஒரு மெத்தைக் கட்டியால் அந்த மையை எடுத்து டயலில் அழுத்துவாள். அந்தக் கட்டி எப்போதும் பிரிஜ்ஜுக்குள் இருக்கும். ஒருமுறை வீட்டுக்கு வந்த தவமணி அதைக் கரண்டியோடு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஐயோ, உது டெசேட் இல்லையடி!"

"அப்ப பிரிஜ்ஜுக்குள்ள எதுக்கு வைச்சிருக்கிறியள் அக்கா? ஆக்களைக் கொல்லவோ?"

நகரத்துக் கடைக்காரர் ஒருவர் அவள் வேலையைப் பார்த்துவிட்டு, பெயர்போன கொம்பனி ஒன்றின் பெயரைப் போட்டுத் தரச்சொல்லிக் கேட்டார். கிளடிஸ் மாட்டேன் என்றாள். அவள் செய்த டயல்களில் பன்னிரண்டுக்குக் கீழே பெயரே இருக்காது. பழைய அழகு வேண்டும், பழைய பொய் வேண்டாம் என்பது அவள் கணக்கு.

அதே கட்டடத்தில், இரண்டு மாடி மேலே, இராஜரட்ணம் அங்கிள் தனியாக இருந்தார். ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, நீரிழிவு. கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஆனாலும் கீழ்த்தளத்தில் 304 என்கிற சீட்டாட்டம் விளையாடுகிற கூட்டத்தில் அவர்தான் ராசா. அவர் கையிலுள்ள தாளைப் பக்கத்தில் இருப்பவர் அவர் காதுக்குள் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கையில் என்ன இருக்கிறது என்பதை அவரவர் குரலிலேயே பிடித்துவிடுவார்.

1994 டிசம்பரில் ஒருநாள் அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போலப் படுத்தார். எழும்பியபோது வெளியே மங்கல். விடிகிறது என்று நினைத்தார். முகம் கழுவி, திருநீறு பூசி, தேநீர் குடித்து, காலைக் குளிசைகளைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். உண்மையில் அது பின்னேரம் ஐந்து மணி. காலைக் குளிசைகளை அவர் காலையிலேயே போட்டிருந்தார். இந்த ஊர்ப் பனிக்காலமும் யாழ்ப்பாணத்துப் பகல் நித்திரையும் சேர்ந்து செய்த வேலை அது. இரத்தத்தில் சீனி இறங்கி, லிஃப்ட் வாசலில் மடிந்து விழுந்தார். வேலை முடிந்து வந்த கிளடிஸ்தான் கண்டாள். சாப்பாட்டுப் பையில் மிச்சமிருந்த தோடம்பழச் சாற்றை அவர் வாயில் ஊற்றி, அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

மகன் யோகேந்திரன் நகரத்துக்கு வெளியே, விட்பியிலிருந்து ஓடிவந்தான். புது வீடு வாங்கி அங்கே போய் ஒரு வருடம்தான். "அப்பா, காணும். இனி எங்களோட வந்து இருங்கோ. நான் வேலையில நிண்டுகொண்டு ஒவ்வொரு நாளும் பயப்பிடேலாது."

நல்ல பிள்ளை. பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இராஜரட்ணம் அங்கிளின் முகம் விழுந்துவிட்டது. மகன் போனபிறகு கிளடிஸிடம் சொன்னார்: "அங்க நடந்துபோக ஒரு கடை இல்லை, பிள்ளை. அவை ரெண்டுபேரும் இருட்டோட கார் எடுத்தா இருட்டோடதான் வருவினம். நான் நாள் முழுக்க பிரிஜ்ஜோடதான் கதைக்கவேணும்."

மகன் பனி கரையும்வரை தவணை கொடுத்தான். அதற்குள் அப்பா நேரத்தைத் தானே சரியாகச் சொல்லப் பழகினால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் விட்பி. பொத்தானை அழுத்தினால் ஆங்கிலத்தில் பேசுகிற மணிக்கூடு ஒன்றும் வாங்கிக்கொடுத்தான். அது கோயிலில் பூசை நேரத்தில் தானாகக் கத்திவிட்டது. "ஐயர் தீபத்தோட திரும்பி என்னைப் பார்த்தார், பிள்ளை. அண்டைக்கே உவளை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டிட்டன்."

அவருக்கென்று கிளடிஸ் முதலில் செய்தது வழக்கமான தேயிலை நிற டயல், மினுமினுப்பாக. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறகு அவள் அவரைக் கவனித்துப் பார்த்தாள். ஆளோடு கதைக்கும்போது அவர் முகத்தை ஒருபக்கமாகச் சரித்து வைத்திருப்பார். "நடுவில புகை, பிள்ளை. கரையால கொஞ்சம் தெரியும்." அவள் வீட்டுக்கு வந்து, உலக யுத்தகாலத்து விமானிகளின் மணிக்கூட்டுப் படங்களைத் தேடி எடுத்தாள். கறுப்புத் தரை, தடித்த வெள்ளை எண்கள், கொஞ்சமும் மினுக்கம் இல்லை. அதே பாணியில் ஒன்று செய்து கட்டிவிட்டாள். அங்கிள் முகத்தைச் சரித்துப் பார்த்து, "ஏழேகால்!" என்றார். 304 கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் அவரிடமிருந்து போன்.

"பிள்ளை, அஞ்சரை எண்டு வடிவாத் தெரியுது."

"சந்தோசம் அங்கிள்."

"ஆனா எந்த அஞ்சரை?"

கிளடிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கதிரையில் இருந்துவிட்டாள். உலகத்து டயல்கள் எல்லாம் பன்னிரண்டோடு நின்றுவிடுகின்றன. விடியலையும் பின்னேரத்தையும் பிரித்துச் சொல்வது வெளிச்சத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். இங்கே டிசம்பரில் அந்த வெளிச்சமே பொய் சொல்கிறது.

இரண்டு ஞாயிறு சந்தை முழுக்க அலைந்தாள். மூன்றாவது ஞாயிறு, பழைய ரஷ்ய மணிக்கூடு விற்கிற ஒரு பெண்ணிடம் தேடியது கிடைத்தது. மாதக்கணக்காக விடியாத வடக்கில் வேலை செய்தவர்களுக்காகச் செய்யப்பட்டது என்று விற்றவள் சொன்னாள். அதன் மணி முள் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தரம்தான் சுற்றும்.

அதற்கு அவள் செய்த டயலைத்தான் சீமோன் இன்றைக்கும் நினைக்கிறான். உச்சியிலிருந்து அடிவரை நேர்கோடு ஒன்று. கோட்டுக்கு வலப்பக்கம் வெள்ளை: நள்ளிரவிலிருந்து நடுப்பகல் வரை. இடப்பக்கம் கறுப்பு: நடுப்பகலிலிருந்து நள்ளிரவு வரை. எண்கள் நான்கே நான்கு. மேலே பன்னிரண்டு, வலப்பக்கம் ஆறு, கீழே பன்னிரண்டு, இடப்பக்கம் ஆறு. தடித்த சிவப்பில் மணி முள். விநாடி முள்ளை அவள் கழற்றி எறிந்துவிட்டாள்.

கோடுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒட்டுத்தாளை ஒட்டிக் கறுப்பைப் பூசினால், தாளுக்குக் கீழே மை கசிந்து வெள்ளைக்குள் பல்லுப் பல்லாகப் போகும். அழித்தாள், மண்கடதாசி போட்டுத் தேய்த்தாள், திரும்பப் பூசினாள். கடைசியில் ஒரு யோசனை பிடிபட்டது. ஒட்டுத்தாளின் விளிம்பில் முதலில் வெள்ளையையே இன்னொருதரம் பூச வேண்டும். கசிகிறதென்றால் வெள்ளைக்குள் வெள்ளை கசிந்து ஓட்டையை அடைத்துவிடும். அதன்மேல் கறுப்பு. தாளை உரித்தபோது கோடு கத்தியால் வெட்டினது போல நின்றது.

சீமோன் தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தான். "முந்திச் செய்ததுகள் மாதிரி வடிவில்லையே?"

"வடிவு ஆருக்கு?" என்றாள், தலையை நிமிர்த்தாமல். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "எனக்கும் முதல் அப்பிடித்தான் கிடந்தது. இப்ப பாக்கப் பாக்கப் பிடிக்குது."

மார்ச் மாதம் யோகேந்திரன் சோதனை வைக்க வந்தான். அப்பா மத்தியானம் படுக்கும்வரை இருந்து, திரைச்சீலை எல்லாவற்றையும் இழுத்து மூடி, வேண்டுமென்றே நித்திரையைக் குழப்பி எழுப்பினான். கிளடிஸும் சீமோனும் வாசலில் நின்றார்கள். கிளடிஸ் கைவிரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இப்ப நேரம் என்ன?"

இராஜரட்ணம் அங்கிள் கையைத் தூக்கி, முகத்தைச் சரித்தார். "கறுப்பு. நாலு தாண்டிட்டுது."

"அப்ப காலமைக் குளிசையைப் போடுவமோ?"

"அது வெள்ளையிலை எல்லே? வெள்ளையிலையே போட்டாச்சு. நீ என்னைக் கொல்லப் பாக்கிறியோ? தேத்தண்ணி குடிக்கிறியோ, சோதினை முடிஞ்சுதோ?"

யோகேந்திரன் சிரித்துவிட்டான். அப்பாவிடம் சொன்னான்: "சரி. இருங்கோ. ஆனா வாற பனிக்காலம் ஒருக்கா பிழைச்சாலும் நான் கேக்கமாட்டன்."

செப்டெம்பரில் அங்கிள் இன்னொரு சிக்கலைச் சொன்னார். படுக்கும்போது மணிக்கூட்டைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிடுகிறார். எழும்பினால் தடவித் தேட வேண்டியிருக்கிறது. கட்டிலோடு ஒரு பெரிய மணிக்கூடு, இதே கறுப்பு வெள்ளையில் இருந்தால் நல்லது. "இருட்டுக் காலம் வரமுன்னம், பிள்ளை." நாளுக்கு ஒருதரம் சுற்றுகிற மேசை மணிக்கூட்டு இயந்திரம் ஒன்றைக் கிளடிஸ் தபாலில் எடுப்பித்தாள். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம் வெட்டினாள். "இதிலை கோடு கீறுறது சுகம். கை கூசாது," என்று சீமோனிடம் சொன்னாள்.

ஒக்டோபரில் கிளடிஸின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று, மண்டபத்துக் கதவு பின்னேரம் ஐந்து மணிக்குத் திறப்பதாக இருந்தது. வெளியே மழை இருட்டு. சீமோன் போனபோது வாசலில் ஒருவர் ஏற்கெனவே நின்றார். இராஜரட்ணம் அங்கிள். மகன் காரில் கூட்டிவருவதாக ஏற்பாடு. அதைக் காத்திராமல் தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீட்காரில் ஏறி, இறங்கும் இடத்தைச் சாரதியிடம் கேட்டு இறங்கி, தனியே வந்திருந்தார். கோட்டுக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைச் சரித்துப் பிடித்திருந்தார்.

"தம்பி, கறுப்பில அஞ்சு. சரியாத்தானே வந்தனான்?"

"ஓம் அங்கிள். நீங்கள்தான் முதல்."

பிறகு சனம் வந்தது. தவமணி பெட்டியின் தலைமாட்டை விட்டு அசையவில்லை. செபமாலை சொல்லி முடிந்து ஆட்கள் கலையும்போது யோகேந்திரன் சீமோனைக் கொஞ்சம் ஒதுக்கமாகக் கூப்பிட்டான். கேட்கக் கூசிக் கூசித்தான் கேட்டான்.

"அண்ணை, இதுக்குள்ள கேக்கிறன் எண்டு நினையாதேங்கோ. அப்பாவுக்கு அக்கா செய்துகொண்டிருந்த மேசை மணிக்கூடு... அது முடிஞ்சுதோ? மணியை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாத்திற ஞாயிறு வருது. அதுக்குப் பிறகு அஞ்சு மணிக்கே இருட்டு."

"பாத்துச் சொல்லுறன்," என்றான் சீமோன்.

அடக்கம் முடிந்த அடுத்த நாள் காலை, ஜன்னலோரம் இருந்த அவள் மேசையின் துணியை அவன் விலக்கினான். வட்டம் அங்கே இருந்தது. வெள்ளையும் கறுப்பும் காய்ந்திருந்தன. கோடு நேராக இருந்தது. மேலே பன்னிரண்டும், வலப்பக்கம் ஆறும், கீழே பன்னிரண்டும் பதிந்திருந்தன. இடப்பக்கத்து ஆறு இன்னும் பதியவில்லை.