வர்ற தைக்குப் போகிறவன்

இலங்கை மலையகத்தில் பசறை, லுணுகலை போன்ற சிறு ஊர்களை ஒரே வட்டாரமாகச் சேர்த்து, தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் திட்டம் போடுகிறார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்களின் பெயரை எழுத, பதுளையிலிருந்து ஒரு கிளார்க் இன்று என் கடைக்கு வந்தார்.

"லுணுகலையிலயே இருந்துடுவீங்களா?"

"இல்லீங்க, வர்ற தைக்கு மதுரைக்குப் போயிடுவேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதினெட்டு வருஷமாக யார் கேட்டாலும் இதையே சொல்கிறேன். அம்மா இறந்தபின் அங்கே எனக்குக் கடிதம் போடக்கூட ஆளில்லை.

"அப்ப உங்க பேரு வேணாம்," என்று நோட்டை மூடிக்கொண்டு கிளார்க் தெருவில் இறங்கினார்.

கூப்பிட்டுத் திருத்தச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கருப்பட்டி வாங்க வந்த தேயிலைத் தோட்டத்துக் கங்காணி, "ஊருக்கு எப்பங்க போறீங்க?" என்று கேட்டார்.

"வர்ற தைக்கு," என்றேன்.

நீங்களெல்லாம் எந்தத் தைக்குப் போகிறீர்கள்?