சலூன்காரர் மாத்திரை போட்ட கதை

தெருமுனைச் சலூன்காரர் இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. "உடம்புக்கு வேண்டிய அத்தனையும் காய்கறியிலேயே இருக்கு. சத்து மாத்திரை எதுக்கு?" என்று நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் அளப்பார். எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் வராது. கழுத்தில் கத்தி இருக்குமே!

கொஞ்ச நாளாக அவருக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. மனைவி கேட்டால், "வயசாகுதுல்ல" என்று மழுப்புவார். ஒருநாள் மச்சானுக்கு மீசை ஒதுக்கும்போது கத்திரி நழுவி, ஒரு பக்க மீசை அப்படியே மடியில் விழுந்தது. மச்சான் போட்ட கூச்சலில் மாடி வீட்டிலிருந்து ஓடிவந்த மனைவி, மறுநாளே அவரை டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "பி12 ரொம்பக் குறைஞ்சிருக்கு. அது காய்கறியில கிடைக்காது. மாத்திரை போட்டுத்தான் ஆகணும்" என்றார்.

"அதுல மிருகக் கொழுப்பு ஏதாவது இருக்குமா?"

"இதுல இல்லீங்க. இது நுண்ணுயிரை வளர்த்து எடுக்கறது."

சலூன்காரரின் முகம் வாடிவிட்டது. "அதுவும் ஒரு உயிர்தானே டாக்டர்?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "தினமும் பல்லு விளக்கறப்போ எத்தனை கிருமியைக் கொல்றீங்க? அதுக்கு என்னைக்காவது அழுதிருக்கீங்களா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதல் மாத்திரையை மருந்துக்கடை வாசலிலேயே போட்டுக்கொண்டார். சில மாதங்களில் விரல்களுக்கு உணர்வு வந்தது. ஆனாலும் இறைச்சி, முட்டை, பால் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சலூனில் இப்போதும் அதே பேச்சுதான். "கூடவே ஒரு மாத்திரை" என்று கடைசியில் சேர்த்துக்கொள்கிறார், அதுவும் கொஞ்சம் தணிந்த குரலில்.